அது கீழே விழுந்த காயம் இல்லை, அண்ணே

கூடப் பிறக்காமலேயே எனக்கு அண்ணனாக வாய்த்த ஆறுமுகம் அண்ணே,

நேற்றைய பேப்பரில் உங்கள் படம் வந்திருந்தது. பஸ் டிரைவர் சட்டையோடு, தலையைப் படிய வாரி, லேசாகச் சிரித்தபடி நிற்கிற அந்தப் பழைய படம்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று பெரிய எழுத்து. கீழே, 'உங்களைக் கண்ணுக்குள் வைத்துத் தாங்கிய அன்பு மகன்' என்று போட்டு, அதற்கும் கீழே உங்கள் மகனின் பெயர்.

நான் அதைத் தொழிற்சாலை கேண்டீனில் வைத்துப் படித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண், "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். கண்ணுக்குள் வைத்துத் தாங்கினானாம். அந்த வார்த்தையை எழுதிக் கொடுக்க ஒருவனுக்கு எப்படி அண்ணே கை வரும்?

அதனால்தான் இந்தக் கடிதம். இதை அதே பேப்பருக்கே அனுப்பப் போகிறேன். போடுவார்களா மாட்டார்களா, தெரியாது. அவன் பெயரை நான் எழுதவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 'உங்கள் மகன்' என்று மட்டும் எழுதுகிறேன். அதை எழுதும்போதே உங்களுக்கு வலிக்குமே என்று எனக்கும் வலிக்கிறது.

படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறுமுகம் அண்ணன் எங்கள் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். சுங்கை லாலாங்கில் தொடங்கி, பீடோங்கில் ஆள் ஏற்றி, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்கா வரைக்கும் போகிற பஸ். இருபத்தாறு வருடம் அதே தடம். ஏறுவது முக்கால்வாசி பெண்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்கள், தாமான் குடியிருப்பு வீடுகளிலிருந்து வந்தவர்கள், தூக்கம் கலையாத முகத்தோடு ஏறுகிறவர்கள். அண்ணன் அதிகம் பேச மாட்டார். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். யார் இன்றைக்கு நொண்டிக்கொண்டு ஏறினாள், யார் ஜன்னல் பக்கம் திரும்பியே வருகிறாள், யார் மூன்று நாளாகச் சாப்பாடு கொண்டுவரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும்.

என்னையும் அப்படித்தான் பார்த்தீர்கள். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி நாலு வருடம். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவேன். ஒருநாள் கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டு ஏறினேன். அன்றைக்கு வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, என்னை மட்டும் நிற்கச் சொன்னீர்கள்.

"கன்னத்துல என்ன விஜி?"

"கதவுல இடிச்சிக்கிட்டேண்ணே."

"போன வாரம் பாத்ரூம்ல வழுக்கிச்சி. அதுக்கு முந்தி அலமாரி இடிச்சிச்சி. ஒன் வூட்ல இருக்கிற சாமான் எல்லாம் ஒன்னயே பாத்து அடிக்குதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு கெட்டவரு இல்லண்ணே. நான்தான் கோவத்த கெளப்பி வுட்டுட்டேன்" என்றேன்.  "அடி வாங்குற எல்லாரும் இததாம்மா சொல்றாங்க" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னை என் வீட்டு முன்னால் இறக்கிவிடவில்லை. உங்கள் வீட்டில் பாக்கியம் அண்ணியிடம் இறக்கிவிட்டீர்கள்.

மூன்று மாதம் உங்கள் வீட்டில் இருந்தேன். என்னோடு போலீஸ் பாலாய்க்கு, ஸ்டேஷனுக்கு, வந்தீர்கள். என் மாமியார் வீட்டார் நாலு பேரோடு வந்து வாசலில் நின்று கத்தியபோது, "அது எங்க வூட்டுப் பொண்ணு, அது போவணும்னு நெனச்சா போவும்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினீர்கள். அந்த மூன்று மாதமும் எனக்குத் தன் அறையை விட்டுக்கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தது யார்? உங்கள் மகன்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் அவன் பிறக்கும்போதே அப்படி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. அண்ணிக்கு மறதி தொடங்கியது. அடுப்பை அணைக்க மறந்தார், ஒரே கதையைத் திரும்பச் சொன்னார். அந்த நேரத்தில்தான் உங்கள் மகன் கல்யாண வாழ்க்கை முறிந்து, பினாங்கிலிருந்து பெட்டியோடு உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தான். நாங்கள் எல்லாரும் என்ன சொன்னோம்? வயசான காலத்தில் மகன் கூட இருக்கிறான், கொடுத்து வைத்தவர்கள் என்றோம். நானும் சொன்னேன்.

இனிமேல் எழுதப் போவதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் இதில் எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொன்றையும் என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு காரணத்தையும் நான் நம்பினேன்.

முதலில் போன். வாரத்துக்கு ஒருமுறை நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பீர்கள். பிறகு உங்கள் மகன் எடுக்க ஆரம்பித்தான். "அப்பா தூங்குறாரு ஆன்ட்டி. அப்பா குளிக்கிறாரு ஆன்ட்டி." பத்து மாதத்தில் ஒருமுறைகூட நீங்கள் போனுக்கு வரவில்லை. எனக்கு அது விசித்திரமாகப் படவே இல்லை.

பிறகு பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் பார்த்தேன். சட்டைக் காலருக்குள் கழுத்து குச்சி மாதிரி நின்றது. நகம் வளர்ந்து அழுக்கேறியிருந்தது. இருபத்தாறு வருடம் இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் ஓட்டிய மனிதர் நீங்கள். மூக்குக் கண்ணாடியைக் காணோம். "எங்கண்ணே கண்ணாடி?" என்று கேட்டேன்.  தலையைத் திருப்பி மகனைப் பார்த்தீர்கள். அவன்தான், "ஒடைச்சிட்டாரு ஆன்ட்டி, எத்தன வாங்கிக் குடுக்கிறது?" என்றான்.

அந்தப் பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வாயைத் திறக்கும் முன்னால் ஒருவர் முகத்தைப் பார்த்து, பேசலாமா என்று உத்தரவு கேட்கிற பார்வை. அதை எனக்குத் தெரியாதா? நாலு வருடம் நானே அப்படிப் பார்த்தவள்தானே? என் கண் முன்னால் அது நடந்தது. நான் பொங்கல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒருமுறை கிளினிக்கில் அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார். உங்களை அழைத்துவரவில்லை. "அவருக்கு வர இஷ்டமில்ல" என்றான் மகன். மருந்து அட்டையில் நாலு தவணை விட்டுப்போயிருந்தது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை நான் வீட்டுக்கே வந்தேன். கேட்டில் பூட்டு. நீங்கள் உள்ளேயிருந்து நடந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினீர்கள். மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிலும் கருத்திருந்தது.

"என்னண்ணே இது?"

"கட்டில்ல இடிச்சிக்கிட்டேம்மா."

அண்ணே, கட்டில் எப்படி அண்ணே மணிக்கட்டைச் சுற்றி இடிக்கும்? நீங்கள் எனக்கு அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை நான் ஏன் உங்களிடம் திருப்பிச் சொல்லவில்லை? உங்கள் வீட்டுச் சாமானெல்லாம் உங்களைப் பார்த்தே அடிக்கிறதா என்று ஏன் கேட்கவில்லை? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பெண்பிள்ளையைப் புருஷன் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். பெற்றவரைப் பிள்ளை அடிப்பான் என்று என் மனசு ஏற்கவில்லை. ஏற்காத மனசுக்குக் கண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில் கிடைத்தது. வயசானா அப்படித்தான். இளைத்துப்போனாரா, வயசானா அப்படித்தான். பேசமாட்டேன் என்கிறாரா, வயசானா அப்படித்தான். உடம்பில் காயமா, வயசானா தோல் மெலிந்து தொட்டாலே கன்றிப்போகும், அப்படித்தான். இந்த ஒரு வார்த்தையைப் போட்டு எத்தனை பேரை நாம் உயிரோடு மூடி வைத்திருக்கிறோம்?

கடைசியில் உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். காலில் புண் வைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பிய பிறகுதான் கொண்டுவந்திருந்தார்கள். முதுகில் படுக்கைப் புண். டாக்டர் பெண் சின்ன வயசுதான், மலாய்க்காரப் பெண். எத்தனை நாளாக இப்படி இருக்கிறார் என்று கேட்டார். "சொன்னா கேக்க மாட்டாரு டாக்டர், பிடிவாதம்" என்றான் உங்கள் மகன். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் உங்களுக்கு நினைவு வந்தது. அவன் கீழே காரை மாற்றி நிறுத்தப் போயிருந்தான். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நேராகவே கேட்டேன், அத்தனை மாதத்தில் முதல்முறையாக.

"அவன் ஒங்கள அடிக்கிறானாண்ணே?"

நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள். "அவன் கெட்டவன் இல்ல விஜி. எனக்குத்தான் கை நடுங்குது. தட்டு கீழ வுழுந்துருது. அவனுக்குக் கோவம் வந்துருது."

நான் பஸ்ஸில் நின்று சொன்ன அதே பதில். ஒரு எழுத்து மாறவில்லை. நீங்கள் எனக்குச் சொன்ன மறுமொழியை நான் சொல்ல வாயைத் திறந்தேன். கதவு திறந்து அவன் வந்துவிட்டான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூக்கம் இல்லை, எனக்குத் தெரியும். மறுநாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் சாவுக்கு எவ்வளவு கூட்டம் தெரியுமா? உங்கள் பஸ்ஸில் வந்த பெண்கள் அத்தனை பேரும் வந்தோம். உங்கள் மகன் தரையில் விழுந்து அழுதான். நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள். கருமக்கிரியை அன்று பந்தல் போட்டு, பதினாறு வகை பதார்த்தம். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு என்ன போட்டான், எத்தனை வேளை போட்டான் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. சாவு வீட்டில் கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அந்த அடக்கம் எல்லாம் யாருக்கு அண்ணே நல்லது செய்தது?

அழுத அழுகை பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். அடிக்கிறவனும் அழுவான். அதுதான் நமக்குப் புரியாமல் போகிறது. அழுகிறானே, இவன் எப்படி அடித்திருப்பான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போய் மூன்று மாதம் இருக்கும். ஞாயிறு பாசார் சந்தையில் இடியாப்பம் வாங்கிக்கொண்டு, அப்படியே உங்கள் வீட்டுக்கு நடந்தேன். கேட்டில் பூட்டு, முன் கதவிலும் பூட்டு. வெளிப்பக்கமாக. அண்ணி ஜன்னலில் நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. கம்பி வழியாகக் கையை நீட்டினார். நான் கேட்டுக்கு வெளியே, அவர் வீட்டுக்கு உள்ளே, நடுவில் அவ்வளவு தூரம். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

பக்கத்து வீட்டு காக் ஸாலேஹா, அந்த மலாய்க்கார அக்கா, வெளியே வந்தார். உங்களுக்குத் தெரிந்தவர்தான், நோன்புப் பெருநாளுக்கு ஓலையில் வேகவைத்த கெத்துப்பாட் சோறு கொடுத்தனுப்புவாரே, அவர். சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு, மலாயில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பகலெல்லாம் வீடு பூட்டியே இருக்கிறதாம். அண்ணி பின்பக்கத்துக் கம்பியருகே வந்து நின்று "லாப்பார், லாப்பார்" என்று சொல்வாராம். பசிக்கிறது என்பதற்கு அண்ணிக்குத் தெரிந்த மலாய் வார்த்தை அது ஒன்றுதான். இவர் சோற்றைப் பொட்டலம் கட்டி, ஒரு கம்பில் மாட்டி நீட்டுவாராம். சாயங்காலம் மகன் வந்த பிறகு சத்தம் கேட்குமாம்.

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"உங்கள் ஆட்கள் குடும்பம். நான் வேறு இனம். தலையிட்டால் வேறு மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சோறாவது கொடுத்தார். சொந்தக்காரர்கள் நாங்கள் என்ன கொடுத்தோம்?

மத்தியானம் உங்கள் மகன் காரில் வந்து இறங்கினான். நான் திரும்பி வந்து உங்கள் கேட்டருகில் நின்றிருந்தேன்.

"அண்ணிய பாக்கணும் தம்பி."

"அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி."

"ஜன்னல்ல நின்னுக்கிட்டுத் தூங்குறாங்களா? இப்பதானே பாத்தேன்."

அவன் முகம் மாறியது. "பூட்டலன்னா ரோட்டுக்கு ஓடிருவாங்க. ஒங்களுக்கு என்னா தெரியும்? ஒரு நாளு வச்சிப் பாருங்க லா, அப்ப தெரியும்."

"குடு, வச்சிப் பாக்குறேன். இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

"இது எங்க குடும்ப விஷயம். அப்பா இருக்கிறப்பவும் நீங்க இப்படித்தான் மூக்க நொழைச்சீங்க."

"இல்ல தம்பி. அப்ப நொழைக்கல. அதனாலதான் இப்ப வந்து நிக்கிறேன்."

அவன் கேட்டைத் திறந்து உள்ளே போய், உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டான்.

மறதி வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது லேசு இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் தாயைக் கடைசி இரண்டு வருடம் நான்தான் தூக்கிக் கழுவினேன். அலுப்பு வரும், கோபம் வரும், ஒரு மூலையில் உட்கார்ந்து அழத் தோன்றும். அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்போம்? உங்கள் பஸ்ஸில் வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்திருப்போமே. கஷ்டம் என்பது வேறு. பெற்றவளைப் பட்டினி போட்டுப் பூட்டி வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் கோயில் நிர்வாகத்தில் இருக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். உங்கள் மகனும் அந்த நிர்வாகத்தில் இருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "பாருமா, வெளிய போனா பையன் பேரு கெட்டுடும். வேலைக்குப் போற பையன். நாமளே கூப்புட்டுப் பேசுவோம். தைப்பூசம் முடியட்டும்."

தைப்பூசத்துக்கு அப்போது இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரம் அண்ணி என்ன சாப்பிடுவார் என்று கேட்டேன்.  பையன் பேர் கெடக் கூடாது. பையன் அம்மாவின் உடம்பு கெடலாம். நம் சமூகத்தில் பேருக்கு இருக்கிற மரியாதை ஆளுக்கு இல்லை அண்ணே.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே சாந்தி என்று ஒரு மிஸ்ஸி, நர்ஸ். அவரிடம் சொல்லத் தொடங்கியதுமே ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஆதாரம் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்றேன்.

"ஆதாரம் நீங்க குடுக்க வேணாம்க்கா. சந்தேகமா இருக்குன்னு சொன்னா போதும். அத நிரூபிக்கிறது மத்தவங்க வேல. என்னைக்கு வந்தீங்க, என்னா பாத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க. நீங்க என்னா நெனச்சீங்கன்னு சொல்லாதீங்க."

எனக்கு யாராவது இதை இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால்? ஆதாரம் இல்லாமல் ஒரு பிள்ளை மேல் பழி போடக் கூடாது என்றுதானே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தேன். காக் ஸாலேஹா தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பார்த்தேன், நான் கேட்டேன் என்று அவரும் சொன்னார். நலத்துறை அலுவலகத்துக்கும் மிஸ்ஸியே போன் செய்தார்.

புதன்கிழமை காலை அந்தப் பூட்டைத் திறந்தார்கள். அண்ணி வெளியே வந்தபோது வெயிலுக்குக் கண் கூசி நின்றார். என் தோளுயரம்கூட இல்லை அண்ணே, அப்படிச் சுருங்கிப் போயிருந்தார். நைட்டியை மாற்றி எத்தனை நாளாயிற்றோ.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் மகனை வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திய பிறகு அண்ணி கேட்டார், "அவன் போயிட்டானா?" போய்விட்டான் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "அவன் போயிட்டானா?" மூன்றாவது முறையும் கேட்டு, நான் கதவைத் திறந்து காட்டி மூடிய பிறகுதான் பேசினார். மறதி வந்தவர், என் பேர் மறந்துபோனவர், ஒன்றை மட்டும் மறக்கவில்லை. எங்கே அடிப்பான், எதனால் கட்டுவான் என்று கையால் காட்டினார்.

மேல்கையின் உட்பக்கத்தில் நாலு விரல் அச்சு இருந்தது. ஒரு கன்றல் மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று புதிதாக ஊதா. வெளியே அவன், கீழே விழுந்துவிட்டார் என்று சொல்லியிருந்தான். சாந்தி மிஸ்ஸி எனக்குப் பிறகு விளக்கினார். விழுகிறவருக்கு முழங்காலில் அடிபடும், முழங்கையில், நெற்றியில் அடிபடும். கையின் உட்பக்கத்தில் விரல் பதியாது. ஒரே தடவை விழுந்திருந்தால் அநேகமாக எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். மூன்று நிறம் என்றால் வெவ்வேறு நாளில் பட்ட அடியாக இருக்கலாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உங்கள் மணிக்கட்டை நினைத்தேன். அது என்ன நிறத்தில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். கறுப்பு மட்டும்தானா, பக்கத்தில் மஞ்சளும் இருந்ததா? எனக்கு நினைவு வரவில்லை அண்ணே. நான் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணி இப்போது பாலிங்கில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். உடம்பு தேறிவிட்டது. குழம்பில் உப்புப் போதவில்லை என்று தங்கையோடு சண்டை போடுகிறார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற மோட்டார் எல்லாவற்றையும் பார்க்கிறார். ஆனால் தலையணைக்கு அடியில் இன்னும் ரொட்டித் துண்டை ஒளித்து வைக்கிறார். தங்கை ஒன்றும் சொல்வதில்லை. தினமும் காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிடுகிறார்.

சில நாள் சாப்பிட உட்கார்ந்ததும், "தம்பி சாப்ட்டானா?" என்று கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். சாப்பிட்டான் என்று சொல்கிறோம். அப்புறம்தான் கையை நனைக்கிறார். இந்தத் தாயையா அண்ணே பட்டினி போட முடிந்தது?

அண்ணியைப் பூட்டி வைத்து அடித்ததாக உங்கள் மகன் மேல் வழக்குப் போட்டார்கள், இப்போது ஜாமீனில் இருக்கிறான். கோயில் நிர்வாகத்திலிருந்து அவனே விலகிவிட்டான் என்று சொன்னார்கள். விலக்கினோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. என்னைக் கண்டால் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் உங்கள் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, நான் கேட்கும்படியாகவே, "குடும்பத்த கோர்ட்டுக்கு இழுத்து வுட்டவ இவதான்" என்றாள். நான் சாப்பாட்டிலிருந்து எழவில்லை. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அண்ணியை எத்தனை தடவை போய்ப் பார்த்தாய் என்று கேட்டேன். 

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் கேண்டீனில் பெண்கள் இப்போது பேசுகிறார்கள். ஒருத்தி வந்து, தன் மாமனார் வீட்டுக்கு ஆள் வந்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், ஏன் என்று தெரியவில்லை என்றாள். இன்னொருத்தி, தன் அம்மாவின் பேங்க் அட்டையைத் தம்பி வைத்துக்கொண்டு, வெற்றிலை வாங்கக்கூட அவனிடம் நிற்கவேண்டியிருக்கிறது என்றாள். பதில் சொல்கிற இடத்தில் நான் இல்லை. போய்ப் பார், தனியாகப் பார், நேராகக் கேள் என்று மட்டும் சொல்கிறேன். அவர் இல்லை என்று சொன்னாலும் அத்தோடு விட்டுவிடாதே என்கிறேன். இல்லை என்றுதான் சொல்வார். நான் சொன்னேன், நீங்களும் சொன்னீர்கள்.

அடுத்த மாதம் வழக்கு விசாரணை. என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். அண்ணே, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கத்தான் இந்தக் கடிதமே. அங்கே நான் குரலை உயர்த்த மாட்டேன், அழவும் மாட்டேன். அவனைத் திட்டவும் மாட்டேன். என்னைக்குப் பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அப்போது நீ என்ன செய்தாய் என்று வக்கீல் நிச்சயம் கேட்பார். பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை என்று, அத்தனை பேர் முன்னால், அதையும் சொல்வேன்.

நீங்கள் வாசல் திறந்து வைத்த வீட்டில் மூன்று மாதம் சோறு தின்ற,
உங்கள் தங்கச்சி
விஜயா
சுங்கை லாலாங்